எடை போட்டுப் பார், தோழா!

(கம்பத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஆலைத் தோழர்களின் தலைமயிரில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. உங்களிடம் வந்து நான் இன்று நட்சத்திரத்தையும் கிரகத்தையும் பற்றிப் பேசப் போகிறேன். "கூலியைப் பற்றிப் பேசாமல் இந்த ஆள் ஏன் வானத்தைப் பார்க்கிறான்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். வானத்துக்கும் கூலிக்கும் சம்பந்தம் உண்டு.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று.

என் தங்கைக்கு ஒரே மகள். அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை வீட்டார் ஐந்து பவுன் கேட்டார்கள். கடன் வாங்கியாவது போடலாம் என்று தங்கை ஒப்புக்கொண்டாள். அப்புறம் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்து ஆள் வந்தது. "பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமாமே! இருந்தாலும் பரவாயில்ல. பத்துப் பவுனாப் போட்டா முடிச்சுக்கலாம்" என்றது.

கேட்டீர்களா தோழர்களே! ஐந்து பவுனுக்குத் தீராத தோஷம் பத்துப் பவுனுக்குத் தீருமாம்!

தங்கை என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, என்னண்ணே செய்யிறது?" என்று அழுதாள். பரிகாரத்துக்கு வட்டிக்கு வாங்கினாள். பவுனுக்கு வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்தான். வெளியூர் நூற்பாலை ஒன்றில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால், கடைசியில் மொத்தமாகப் பணம் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும் என்றான். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரைப் பாருங்கள், எவ்வளவு மங்களகரம்!

பிள்ளை போனாள். அப்போது அவளுக்கு வயது 17. இரண்டரை வருஷத்தில் இருமலோடு திரும்பி வந்தாள். மூன்று வருஷம் முடியவில்லை என்று மொத்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

அப்போது நான் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவன். ஆனால் "இந்த ஜாதகம் உண்மைதானா?" என்ற ஒரு கேள்வியை என் தங்கை வீட்டில் நான் கேட்கவில்லை. "குடும்ப விஷயம், அவர்கள் நம்பிக்கை, நமக்கேன்?" என்று இருந்துவிட்டேன். அந்தக் குற்றம் எனக்கு உண்டு. அதனால்தான் இன்று பேசுகிறேன்.

பெயரை மறைத்து எழுதியவர்

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஜயந்த் விஷ்ணு நார்லிகர் என்று பெயர். 1938-ல் மராட்டிய நாட்டுக் கோலாப்பூரில் பிறந்தவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்து, வான விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்றார். அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். 1972-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1988-ல் புனேயில் வான விஞ்ஞான ஆராய்ச்சிக்காக ஒரு பெரிய நிலையத்தை உண்டாக்கினார். 2025 மே 20 அன்று, 86-ஆம் வயதில் புனேயில் காலமானார்.

இவர் விஞ்ஞானி மட்டுமல்ல, கதை எழுதுகிறவரும் கூட. விஞ்ஞானக் கற்பனைக் கதைகளை மராத்தியில், தம் தாய்மொழியில், சாதாரண ஜனங்களுக்காக எழுதினார். ஒரு கதையில், எந்தப் பொருளையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிவிடும் வித்தையை ஒரு விஞ்ஞானி கண்டுபிடிக்கிறான். அதனால் பிள்ளையார் சிலையின் தும்பிக்கை வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. வலம்புரிப் பிள்ளையார் என்றால் நம் ஊரிலும் தனி மரியாதை அல்லவா? அதிசயம் என்று ஜனங்கள் கும்பிடும் ஒன்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கலாம், அதைத் தேடிப் பார்ப்போம் என்பதே கதையின் சாரம். பிள்ளையாரை அவர் கேலி செய்யவில்லை. தேடாமல் வாய் பிளந்து நிற்கும் புத்தியைத்தான் சீண்டினார்.

அவர் முதல் கதை எழுதியது 1974-ல். மராத்தி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய போட்டிக்கு அனுப்பினார். தம் பெயரைப் போடவில்லை. பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக்கி ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். ஏன்? "நார்லிகர்" என்று பார்த்தால் நடுவர்கள் பெயருக்குப் பரிசு கொடுத்துவிடலாம். கதைக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? கதை பரிசு பெற்றது. ஆளைப் பார்க்காதே, சரக்கைப் பார்! இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது தேவைப்படும்.

இருநூறு ஜாதகங்கள்

2001-ல் டில்லியில் ஒரு கூத்து நடந்தது. சர்வகலாசாலைகளில் ஜோதிடத்தை விஞ்ஞானம் என்று சொல்லிப் பாடமாக வைக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தது. விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். நார்லிகரும் எதிர்த்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2004-ல் தள்ளுபடியாயிற்று.

நார்லிகர் திட்டுவதோடு நிற்கவில்லை. "சரி, ஜோதிடம் பலிக்கிறதா இல்லையா, சோதித்துப் பார்த்துவிடுவோம்" என்றார்.

இங்கே ஆலைத் தோழர்கள் இருக்கிறீர்கள். ஒரு நூலைப் பார்த்து, "இது நாற்பதாம் நம்பர்" என்று மேஸ்திரி சொல்கிறார். அவர் முப்பது வருஷ அனுபவசாலி. அப்படியே ஒப்புக்கொள்கிறோமா? இல்லை. நூலைச் சுற்றி எடை போடுகிறோம். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டுக்கு நாற்பது சிட்டம் நின்றால் நாற்பதாம் நம்பர். நிற்காவிட்டால் மேஸ்திரி சொன்னாலும் முதலாளி சொன்னாலும் அது நாற்பது ஆகாது.

விவசாயத் தோழர்கள் என்ன செய்கிறீர்கள்? விதை வியாபாரி, "முளைப்பு ஏ ஒன்" என்கிறான். நீங்கள் நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, நாலாம் நாள் பிரித்து எண்ணுகிறீர்கள். தொண்ணூறு முளைத்தால் விதை. ஐம்பது முளைத்தால் வியாபாரி முகத்தில் எறிகிறீர்கள்.

நார்லிகர் செய்தது இதே காரியம்தான். விதைக்குப் பதில் ஜாதகம்.

பள்ளிக்கூடங்களில் நன்றாகப் படிக்கிற 100 பிள்ளைகள், மூளை வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், இவர்களின் பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் சேகரித்தார்கள். 200 ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் எந்தப் பிள்ளை என்பது பூட்டி வைக்கப்பட்டது. ஆளைப் பார்க்காதே, சரக்கைப் பார்! ஜாதகங்களைக் கணித்தவர் யார் தெரியுமா? முன்பு ஜோதிடமே பார்த்துவந்து, பிறகு அதை விட்டுவிட்டவர்.

பிறகு ஜோதிடர்களுக்கு அறைகூவல் விடுத்தார்கள். ஆளுக்கு 40 ஜாதகம் அனுப்புவோம், எது படிக்கிற பிள்ளை, எது மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். 51 பேர் கேட்டு வாங்கினார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர்.

விடைகளைத் திருத்தினால், நூற்றுக்கு 46 சரி!

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுண்டிவிடுங்கள். பூ விழுந்தால் படிக்கிற பிள்ளை, தலை விழுந்தால் மற்றது என்று எழுதிக்கொண்டே போங்கள். நூற்றுக்கு ஐம்பது சரியாக இருக்கும். நாணயத்துக்குத் தட்சிணை கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது! 27 பேரில் அதிகம் வாங்கியவருக்கு 40-க்கு 24. இருபத்தேழு பேர் நாணயம் சுண்டினாலும் ஒருவருக்காவது 24 விழும். ஒரு ஜோதிட நிலையத்தார் எங்களுக்கு 200-ம் கொடுங்கள் என்று வாங்கினார்கள். அவர்களுக்கும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். இந்த முடிவு 2009-ல் 'கரண்ட் சயின்ஸ்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது.

"எங்க ஜோசியர் சொன்னது அப்படியே பலிச்சுதே!" என்று ஒரு அக்காள் சொல்லலாம். பலித்திருக்கும். ஆணா பெண்ணா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி பலிக்கும். பலித்தவன் தேங்காய் பழத்தோடு திரும்பி வருகிறான். பலிக்காதவன் தன் தலைவிதியை நொந்துகொண்டு வீட்டில் இருக்கிறான். ஜோசியர் வீட்டுத் திண்ணையில் பலித்த கதைதான் பேசும். பலிக்காத கதைக்கு வாய் இல்லை.

சனியின் கணக்கு

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். சின்னமனூருக்குப் பக்கத்தில் குச்சனூர். சனீஸ்வரனுக்கென்று அமைந்த கோயில். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். சுரபி நதியில் குளிக்கிறார்கள், எள் விளக்கு ஏற்றுகிறார்கள். அதை நான் பழிக்க வரவில்லை. கஷ்டப்படுகிறவன் ஆறுதல் தேடிப் போகிறான். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு நானும்தான் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! அதைப் போட்டுப் பார்ப்போம்.

சனி சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. ராசி 12. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம். நம் ராசி, அதற்கு முன் ராசி, பின் ராசி, ஆக மூன்று ராசியில் சனி இருக்கும் காலத்தை ஏழரைச் சனி என்கிறார்கள். அப்படியானால் எந்த நாளை எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்கும். நாலு பேரில் ஒருவர்! 400 பேர் வேலை செய்யும் ஆலையில் ஏறக்குறைய 100 பேருக்குச் சனி. நாட்டின் 140 கோடி ஜனங்களில் 35 கோடிப் பேருக்குச் சனி. நாலில் ஒரு முதலாளிக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஏழரை வருஷம் அவருடைய லாபத்தைச் சனி ஏன் பிடிக்கவில்லை? உங்கள் போனஸை மட்டும் ஏன் பிடிக்கிறது?

செவ்வாய் தோஷத்தையும் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு. நூற்றுக்கு நாற்பது பெண்களுக்கு மேல் தோஷம்! ஆண்களுக்கும் அதே கணக்குத்தான். ஆனால் பவுன் கேட்பது பெண்ணிடம் மட்டும். "இதற்கு விலக்கு உண்டு" என்பார்கள். தோஷம் சொல்பவரும் அவரே, விலக்குச் சொல்பவரும் அவரே. இரண்டுக்கும் தட்சிணை உண்டு.

அந்தச் செவ்வாய்க்கு நம் நாட்டு விஞ்ஞானிகள் 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யானைக் கொண்டு சேர்த்தார்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் பயணம். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் தவறிப் போயிருக்கும். பிசகவில்லை. சூரிய கிரகணம் எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று வருஷக்கணக்கில் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வழியாக வளையமாகத் தெரியும் என்றார்கள். தெரிந்தது. வானத்தைப் பார்த்துச் சொல்வது அதுவும்தான், ஜாதகமும்தான். ஒன்று எடையில் நிற்கிறது. மற்றது நிற்கவில்லை.

சுடப்பட்டவர்களும் சுடப்படாதவரும்

நார்லிகரிடம் ஒரு சிறப்பு உண்டு. தம் கொள்கையையும் அவர் எடைத் தட்டில் வைத்தார். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் கிடையாது, அது என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்பது அவருடைய குரு பிரெட் ஹாயிலின் கொள்கை. குருவும் விஞ்ஞானக் கதை எழுதியவர்தான். சீடரும் அந்தப் பக்கம் நின்றார். பிறகு கிடைத்த சான்றுகளைப் பார்த்து உலக விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பெருவெடிப்பில் தொடங்கியது என்றார்கள். நார்லிகர் கொள்கையைத் திருத்தி அமைத்துக் கடைசி வரை வாதாடினார். அதிலும் மனிதப் பிடிவாதம் கொஞ்சம் இருந்திருக்கலாம். விஞ்ஞானியும் மனிதன்தானே! ஆனால் அவர் யாரையும் சபிக்கவில்லை. அவரையும் யாரும் சுடவில்லை. சான்று கொண்டு வா என்றார்கள், கொண்டு வந்தார், போதாது என்றார்கள். அதுதான் பகுத்தறிவின் சண்டை.

ஜாதகச் சோதனையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் சாதாரா ஊர் டாக்டர் நரேந்திர தபோல்கர். 1989-ல் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக மகாராஷ்டிரத்தில் சங்கம் அமைத்தவர். கடவுளைத் தூற்றுவதை அவர் தொழிலாகக் கொள்ளவில்லை. பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களை அடிப்பவனையும், மந்திரத்தில் நோய் தீர்ப்பேன் என்று காசு பறிப்பவனையும்தான் எதிர்த்தார். 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில், காலையில் நடந்து போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பல வருஷம் போராடிக் கேட்ட சட்டம், அவர் செத்த பிறகு அதே வருஷம் நிறைவேறியது. சுட்டதாக இருவருக்கு 2024 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2015 பிப்ரவரியில், நார்லிகர் பிறந்த அதே கோலாப்பூரில், கம்யூனிஸ்டுத் தலைவர் கோவிந்த் பன்சாரேயைச் சுட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் கர்நாடகத்துப் பேராசிரியர் கல்புர்கி. 2017-ல் பெங்களூரில் கௌரி லங்கேஷ்.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! எடையில் நிற்கும் சரக்கை வைத்திருப்பவன் தராசைப் பார்த்துப் பயப்படுவானா?

கேள்வி கேட்பவன் மூடனல்ல

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்னது பாதிதான். "விஞ்ஞானி சொல்லிவிட்டார், வாயை மூடு" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நம் பள்ளத்தாக்கே கொதித்தது. அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாட்டு அரசு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது. அப்போது இரண்டு விதமான பேச்சு இருந்தது. நியூட்ரினோ உடம்பில் பட்டால் செத்துப் போவோம் என்பது ஒன்று. அது சனியைப் போன்ற பயம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக வினாடிக்கு ஆயிரக்கணக்கான கோடி போய்க்கொண்டிருக்கிறது, இப்போதும்! ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, "பாறையை வெடி வைத்தால் ஊற்று என்னாகும்? காடு என்னாகும்? மேய்ச்சலுக்கு எங்கே போவது?" என்ற கேள்வி. அது எடை போடும் கேள்வி. அதைக் கேட்ட விவசாயியைப் படிக்காதவன் என்று ஒதுக்கியவர்கள்தான் பகுத்தறிவைக் கைவிட்டவர்கள்.

நம் மண்ணுக்கு இது புதிதா? மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பி 1895-ல் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டு வந்தது எது? வெள்ளம் அடித்துப் போனபோதும் கைவிடாத பென்னிகுயிக்கின் கணக்கு. காட்டுக் காய்ச்சலில் மடிந்து மடிந்து கல் சுமந்த கூலிகளின் கை. நாம் அறுக்கும் ஒவ்வொரு நெற்கதிரிலும் அந்தக் கணக்கும் அந்தக் கையும் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

கோயிலுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. உன் நெஞ்சில் உள்ள நம்பிக்கை உனக்கு ஆறுதல் தந்தால் வைத்துக்கொள். ஆனால் அந்த நம்பிக்கை உன் மகளின் விலையைக் கூட்டினால், உன்னை வட்டிக் கடைக்குத் துரத்தினால், நெஞ்சு வலிக்காரனை ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் நல்ல நேரம் பார்த்து உட்கார வைத்தால், அப்போது கேள்வி கேள். அது உன் உரிமை. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியல் சட்டமே 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சொல்கிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை ஜோசியர் ஏதாவது சொன்னால், பிள்ளையின் நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்துப் பிரித்து, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை என்று எண்ணுங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து எண்ணினால் இன்னும் நல்லது. இரண்டாவது, ஜாதகத்தைக் காட்டிப் பவுன் கேட்டு எவனாவது வந்தால், அந்தத் தாய் தனியாக அழ வேண்டாம். சங்கத்துக்கு வரட்டும். கூலிக்கு ஒன்றாக நின்ற நாம் இதற்கும் ஒன்றாக நிற்போம்.

என் தங்கை மகளைப் பற்றிக் கேட்பீர்கள். இருமல் தீர்ந்தது, ஆஸ்பத்திரி மருந்தில் தீர்ந்தது. பிறகு ஜாதகம் கேட்காத ஒரு வாலிபனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்று அவளுக்கு ஒரு பெண் குழந்தை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். "பிள்ளைக்கு ஜாதகம் எழுதினாயா?" என்று சும்மா கேட்டேன்.

"இல்ல மாமா" என்றாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். பிள்ளை பிறந்த தேதியும் நேரமும் எழுதி, அதற்குக் கீழே வரிசையாகச் சில தேதிகள் போட்டிருந்தாள்.

எல்லாம் தடுப்பூசிக்கு உரிய நாட்கள்.